ஆய்லர்: நிரூபணத்துக்கு முன்னே விடை

1 + 1/4 + 1/9 + 1/16 + … என்று வர்க்க எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும்? 2-ஐத் தாண்டாது என்பது வரை சுவிஸ் கணிதவியலாளர் யாக்கோப் பெர்னூலி காட்டிவிட்டார். சரியான மதிப்பு தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று 1689-இல் கேட்டவர், 1705-இல் விடை தெரியாமலே இறந்தார். அவருடைய ஊரான பாசலின் பெயர் கணக்குக்கு ஒட்டிக்கொண்டது. விடை கண்ட லியோன்ஹார்ட் ஆய்லர் பிறந்ததும் அதே ஊரில்தான், 1707-இல்.

பார்வை போன பிறகும் அவர் எழுதிக் குவித்ததைத்தான் எல்லோரும் வியப்பார்கள். எனக்கென்னவோ இந்தக் கணக்கில்தான் ஆள் முழுசாகத் தெரிகிறார்.

நேரடியாகக் கூட்டினால் கை ஓய்ந்துவிடும். 10 உறுப்பு கூட்டினால் ஏறத்தாழ 1/10 பாக்கி, 1000 கூட்டினால் 1/1000 பாக்கி. ஆறு தசம இடத்துக்குப் பத்து லட்சம் உறுப்புகளும் போதாது. 1731-இல் ஆய்லர் தொடரையே மாற்றி எழுதினார்: 2-இன் இயல் மடக்கையின் (natural log) வர்க்கம், அதாவது 0.480453, அதோடு 1 + 1/8 + 1/36 + 1/128 + … இதில் ஒவ்வொரு வர்க்கமும் 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் எண்ணால் பெருக்கப்பட்டிருப்பதால் உறுப்புகள் சட்டென்று சிறுக்கின்றன. பத்தே உறுப்பில் 1.64492 வந்துவிடும், பழைய தொடரில் அதே பத்துக்கு 1.5498 தான். அவர் பிடித்த மதிப்பு 1.644934.

1735-இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் நிரூபணம் வந்தது. கோணத்தை 'க' என்போம். சைன் க-வைக் க-வால் வகுத்தால் 1 − க²/6 + க⁴/120 − … இது பூச்சியமாகும் இடங்கள், அதாவது மூலங்கள், ±பை (π), ±2பை, ±3பை… பல்லுறுப்புக் கோவையைக் காரணிப்படுத்துவது போலவே (1 − க²/பை²)(1 − க²/4பை²)(1 − க²/9பை²)… என்று எழுதி, இரண்டு பக்கமும் க²-இன் கெழுவை, அதாவது க²-ஐப் பெருக்கி நிற்கும் எண்ணை, ஒப்பிட்டார். ஒரு பக்கம் −1/6, மறுபக்கம் −(1 + 1/4 + 1/9 + …)/பை². ஆக, தொடரின் கூட்டுத்தொகை பை²/6. முன்பே கணக்கிட்டிருந்த தசமங்களோடு அச்சாகப் பொருந்தியது.

ஓட்டை இங்கேதான். மூலங்கள் ஒன்றாக இருந்தால் மட்டும் சார்பும் ஒன்றாகிவிடாது. அதே சைன் கோவையை அடுக்குக்குறிச் சார்பால் (e-இன் அடுக்கு க) பெருக்கிப் பாருங்கள்: மெய் மூலங்கள் மாறாது, பூச்சியத்தில் மதிப்பும் 1 தான், ஆனால் 'க' என்ற புது உறுப்பு முளைத்துவிடும். கெழுக்கள் கலைந்துவிடும். சைனுக்கு வேறு மூலங்கள் இல்லை என்பதற்கு என்ன உறுதி என்று யாக்கோபின் குடும்பத்துப் பெர்னூலிகளும் கேட்டார்கள். ஆய்லர் அசரவில்லை, க-வுக்குப் பை/2 போட்டால் பைக்கு ஆங்கிலேயர் ஜான் வாலிஸ் தந்த பழைய பெருக்கல் சூத்திரம் அப்படியே வந்து விழுந்தது. பின்னர் வேறு வழியிலும் நிரூபித்தார். முடிவிலாப் பெருக்கத்துக்கு முறையான அடித்தளம் போட்டது 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் கணிதவியலாளர் வையர்ஸ்ட்ராஸ்.

4, 6, 8 என இரட்டைப்படை அடுக்குகள் எல்லாவற்றுக்கும் இதே வழி செல்லும். கன எண்களின் தலைகீழ்த் தொடர்தான் அவருக்கும் மசியவில்லை. அதன் கூட்டுத்தொகை விகிதமுறா எண், அதாவது முழு எண்களின் பின்னமாக எழுத முடியாதது என்று 1978-இல் ரோஜர் அப்பேரி காட்டினார். பையை வைத்து ஒரு சூத்திரம் இன்றுவரை கிடைக்கவில்லை.