லேபிளில் போடும் பெயர் யாருக்குச் சொந்தம்?

மதுரையில் லேபிள் அச்சடிக்கும் தொழிலில் இருப்பதால், ஒரு புதிய சரக்குக்கு வைக்கும் பெயரை அதன் உரிமையாளருக்கு அடுத்தபடியாகப் பார்ப்பவன் பெரும்பாலும் நான்தான். அண்மையில் வில்லாபுரத்தில் அப்பளம் போடும் ஓர் அக்கா வந்து, 'மதுரை ஸ்பெஷல் அப்பளம்' என்ற பெயரையும் அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்ற எழுத்தையும் அச்சடித்துத் தரக் கேட்டார். "உத்யம் பதிவு இருக்கு, உணவுப் பாதுகாப்பு நம்பரும் வாங்கிட்டேன், இன்னும் என்ன தம்பி வேணும்?" என்றார்.

அவை தொழிலுக்கான பதிவுகள்; பெயருக்கு உரிமை தருபவை அல்ல. டிரேட்மார்க் எனப்படும் வணிகக் குறி, இந்தச் சரக்கு யாரிடமிருந்து வருகிறது என்பதை வாங்குபவருக்குக் காட்டும் அடையாளம். அது சொல்லாகவோ படமாகவோ இருக்கலாம். மாவுப் பக்குவத்துக்கும் செய்முறைக்கும் அது காவல் நிற்காது. இப்போதுள்ள சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. பொருளின் வகையையும் தரத்தையும் ஊரையும் மட்டுமே சொல்லும் பெயர்களைப் பதிவு செய்ய அச்சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. அக்கா தேர்ந்தெடுத்த மூன்று சொற்களும் அப்படிப்பட்டவையே. நீண்டகாலப் புழக்கத்தால் அத்தகைய பெயர் ஒருவரையே குறிப்பதாகிவிட்டால் விலக்கு உண்டு. ஆனால் அதை நிரூபிப்பது எளிதன்று.

திண்டுக்கல்லைப் பாருங்கள். 1957-இல் அங்கே பிரியாணிக் கடை தொடங்கிய நாகசாமி நாயுடு தலைப்பாகையோடு இருந்ததால் 'தலப்பாகட்டி' என்ற பெயர் நிலைத்தது. பிரியாணிக்கும் தலைப்பாகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதனாலேயே அது வலுவான குறி என்பது என் கருத்து. அதை ஒத்த பெயர்கள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது.

ஊர்ப் பெயருக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருளன்று. அதைக் காப்பது புவிசார் குறியீடு. மதுரைச் சுங்குடி 2005-இலும் மதுரை மல்லி 2013-இலும் அதைப் பெற்றன. அந்தப் பெயர் எந்தத் தனி முதலாளிக்கும் சொந்தமாகாமல், அந்த வட்டாரத்தில் முறைப்படி நூலால் முடிச்சிட்டுச் சாயம் தோய்ப்பவர்களுக்கும் பூ விளைவிப்பவர்களுக்கும் பொதுவாக நிற்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவு கிடைத்த பிறகுதான். அதற்கு முன் போடுவது சட்டவிரோதம் என்பதால் அச்சடிக்க மறுத்தேன். டிரேட்மார்க் என்பதன் சுருக்கமான டி.எம். என்ற எழுத்துகளை இன்றே போடலாம். இணையவழியில் விண்ணப்பித்தால், உத்யம் பதிவுள்ள சிறு தொழிலுக்கு ஒரு பிரிவுக்கு 4,500 ரூபாய். இல்லையெனில் நிறுவனங்களுக்கு 9,000. மொத்தம் 45 பிரிவுகள். சரக்கு எந்தப் பிரிவோ அதில் கேட்க வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டு அரசிதழில் வந்த பிறகு, மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாதம் அவகாசம். பதிவு பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

முன்பே பதிவானவற்றை வணிகக் குறிகள் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். லேபிள் அச்சடிக்கும் சிலிண்டரைச் செய்வதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள், பின்னால் பெயரை மாற்றினால் அந்தச் செலவு முழுக்க வீண். பழைய பில்களையும் முதல் லேபிளையும் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் வந்த ஒருவர் அதே பெயரைப் பதிவு செய்திருந்தாலும், அவருக்கு முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரை அவர் தடுக்க முடியாது. அப்படி ஒரு வழக்கு வந்தால் தேதியுள்ள பில்தான் சாட்சி. அக்கா இப்போது தம் பாட்டியின் பெயரோடு ஒரு முறப் படத்தைச் சேர்த்து விண்ணப்பித்திருக்கிறார்.