மீட்டர் ஓடாத பேச்சு

ஆகஸ்ட் 24, 2025, ஞாயிறு, துறையூர்

பரண் ஒழித்தேன். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் அப்பாவின் எஸ்.டி.டி. பூத் மீட்டர் கிடந்தது. வெளியூருக்குப் போன் பேசுகிற கடையில், பேச்சுக்கு எவ்வளவு காசு என்று காட்டுகிற கறுப்புப் பெட்டி. சிவப்பு எண்கள் ஒளிரும் சின்னக் கண்ணாடியில் விரிசல். அதில் ஊதியபோது தும்மல்தான் வந்தது.

1991-ல் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டார். மஞ்சள் பலகை, ஒரு ஆள் நிற்கிற கண்ணாடிக் கூண்டு, பேருக்கு ஒரு ஃபேன். பேச வருகிறவர்களுக்குக் கண்ணெல்லாம் மீட்டர் மேல்தான். எண் ஏற ஏறப் பேச்சும் ஓட்டம் பிடிக்கும். 'நல்லாருக்கியா, பணம் வந்துச்சா, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு, வச்சிடறேன்.' எல்லாம் ஒரே மூச்சில். ராத்திரியானால் கட்டணம் பாதி, இன்னும் நேரமானால் கால்வாசி. அதனால் கடையில் கூட்டமே சாப்பாட்டுக்கு அப்புறம்தான். வியாபாரிகள் முழுக்கட்டணம், குடும்பஸ்தர்கள் பாதி, காதலிக்கிறவர்கள் கால்வாசி என்று அப்பா ஊரையே பிரித்து வைத்திருந்தார்.

காசில்லாத பேச்சும் இருந்தது. கடை போனில் இரண்டு ரிங் வந்து நின்றால், எதிர்த்தெரு அத்தையின் மகன் பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டான். மூன்று ரிங் என்றால் கூப்பிடச் சொல்கிறான். சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வருவது என் வேலை. போனை எடுத்துவிட்டால் அவனுக்குக் காசு போய்விடும் என்பதால் அப்பா கையைக் கட்டிக்கொண்டு ரிங்கை எண்ணுவார். ஒரு தடவை நான் தெரியாமல் எடுத்துவிட்டு வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

2003-ல் செல்போனுக்கு வருகிற அழைப்புகள் இலவசமாயின. ஊர் முழுக்க மிஸ்டு கால் கொடுக்க ஆரம்பித்தது. அடுத்த வருஷம் கடையை மூடிவிட்டு அங்கேயே ஜெராக்ஸ் போட்டார்.

ஆகஸ்ட் 27, புதன், சென்னை

பிள்ளையார் சதுர்த்தி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 64 பேர். காலை ஆறு மணிக்கே முதல் பிள்ளையார் வந்துவிட்டார். ஒன்பது இருபதுக்கு மண்ணச்சநல்லூர் பெரியப்பா தவறிவிட்டதாக அவர் பேரன் போட்டிருக்கிறான். அதற்கு மேலே கொழுக்கட்டை, கீழேயும் கொழுக்கட்டை. நடுவில் அந்த ஒரு வரி. ஒருத்தர் அதற்குக் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார், 'பார்த்துட்டேன்' என்ற அர்த்தத்தில்தான் இருக்கும்.

அம்மா சாயங்காலம்தான் பார்த்தாள். அதற்குள் பெரியப்பாவை எடுத்துவிட்டார்கள். எல்லாரும் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது என்று நினைத்து, யாரும் யாருக்கும் போன் போடவில்லை. நானும் போடவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

அம்மா போனில் அரை மணி நேரம் அழுதாள். நடுவில், 'தந்திக்காரன் வாசல்ல வந்து நின்னாலே தெரிஞ்சிரும்டா' என்றாள்.

உண்மைதான். எங்கள் பக்கம் தந்தி என்றால் சாவு. சேவகர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே ஒப்பாரி ஆரம்பித்துவிடும். வேலைக்கு ஆர்டர் வந்த தந்திக்கும் அழுதவர்கள் உண்டு. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' என்பதோடு சரி. ஆள் போயிருந்தாலும் சீரியஸ் என்றுதான் கொடுப்பார்கள். வருகிறவன் வழியில் உடைந்துவிடக் கூடாது. அதுவும் தெரிந்தே பஸ் ஏறுவான். அவ்வளவு கஞ்சத்தனமான நாலு சொல்லில் இந்தக் கரிசனத்துக்கும் இடம் வைத்திருந்தார்கள்.

2013 ஜூலை 14-ஆம் தேதி கடைசியாகத் தந்தி வாங்கினார்கள். அன்று வரிசையில் நின்றவர்கள் பலர் ஞாபகத்துக்காகத் தங்களுக்கே கொடுத்துக்கொண்டார்கள். அக்கா மகனிடம் இதைச் சொன்னால், 'டெலிகிராம்னா படம் டவுன்லோட் பண்ற ஆப்தானே மாமா?' என்கிறான். ஆனால் அவன் தாத்தா தினமும் படிப்பது தினத்தந்தி. தந்தி போய் 12 வருஷமாகியும் பேர் மட்டும் காலையில் வாசலில் வந்து விழுகிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பிள்ளை பிடிக்கிறவர்கள் வேனில் சுற்றுகிறார்களாம். சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியது, இரட்டை அம்புக்குறியோடு. ஐந்து வாயைத் தாண்டி வந்தது என்று அர்த்தம். ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் இதை அனுப்ப முடிகிறது என்று அவருக்குக் கோபம் வேறு. 2018 மே மாதம் இதே மாதிரி வதந்தியில் போளூர் பக்கம், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். அந்த வருஷம் இந்தியாவில் நடந்த இப்படிப்பட்ட கொலைகளால்தான் முதலில் ஒரு நேரத்தில் ஐந்து இடம் என்று கட்டுப்பாடு வந்தது, 2020-ல் இப்படிப் பல கை மாறி வந்ததற்கு ஒன்றாகச் சுருங்கியது. போனில் கூப்பிட்டுச் சொன்னேன். 'எச்சரிக்கையா இருக்கிறதுல என்னப்பா தப்பு' என்றார்.

செப்டம்பர் 1, திங்கள்

பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கிறார்கள். வக்கீல் நோட்டீஸ் இனி எந்தப் பேரில் வந்தாலும் எங்கள் ஊரில் அது 'ரிஜிஸ்தர் தபால்'தான்.

செப்டம்பர் 3, புதன்

அம்மாவுக்கு டைப் அடிக்க வராது. மைக்கை அழுத்திப் பேச அக்கா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இன்று வந்தது ஏழு நிமிஷம். ஆபீஸில் இருந்ததால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டேன். பெரியப்பா வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனது, பெரியம்மா பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்காதது, பால்காரர் கணக்கு, எல்லாம் பொடிப்பொடியாக ஓடின. குக்கர் விசில்கூடக் குருவி கத்துகிற மாதிரி கேட்டது. பூத்தில் மீட்டரைப் பார்த்து ஓடியவர்களின் குரல் இப்படித்தான் இருக்கும்.

ராத்திரி சாதாரண வேகத்தில் மறுபடி போட்டேன். கேள்வி கேட்கிற இடத்திலெல்லாம் அம்மா நிறுத்துகிறாள். 'சாப்பிட்டியா?' என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, 'ம்' என்கிறாள். கடைசியில், 'சரி, வச்சிடவா?' அதற்குப் பிறகு ஒன்பது வினாடி, வெறும் ஃபேன் சத்தம்.