ஷட்டர் இறங்கியிருக்கும், பக்கக் கதவு திறந்திருக்கும்

நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை கொடுக்கப்படும் மதுக்கடை மனுக்கள் பலவற்றில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "கடையை உடனே மூட வேண்டும்." எந்த விதி, எந்த நேரத்தில், யாரால் மீறப்பட்டது என்று அதில் இருக்காது. "கடை விதிகளுக்கு உட்பட்டே இயங்குகிறது" என்று பதில் வரும், அதோடு சரி. புகார் நிற்க வேண்டுமானால் கடை வேறு, பார் வேறு, மனமகிழ் மன்றம் வேறு என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. கடை திறப்பது பகல் 12 மணி, மூடுவது இரவு 10. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. ஒட்டியிருக்கும் பாரை டெண்டர் எடுத்தவர் நடத்துகிறார். அவருக்குக் கிடைத்திருப்பது தின்பண்டம் விற்கும் உரிமையும் காலி பாட்டில் சேகரிக்கும் உரிமையும்தான். ஒரு குவார்ட்டர்கூட அவர் விற்க முடியாது. கேட்டால் "கஸ்டமருக்காகக் கடையில் வாங்கி வந்து கொடுத்தேன்" என்பார்கள். பகல் 12க்கு முன்னும் இரவு 10க்குப் பின்னும் அந்தச் சாக்கு செல்லாது, கடைதான் மூடியிருக்கிறதே. அதனால் உங்கள் புகாரின் உயிர் கடிகார முள்ளில் இருக்கிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிளாக் விற்பனை, அதாவது நேரம் தவறிய கள்ள விற்பனை, காலையிலேயே சூடு பிடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால்வெட்டு விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். குளச்சல், முட்டம் கரையில் வள்ளம் அடைவதும் காலையில்தான். உடம்பு அலுத்து, கையில் கூலி வரும் நேரத்தில் ஷட்டர் மூடிக் கிடக்கிறது, பக்கக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஊறுகாய் கவர். நாற்காலிகூட வேண்டாம். வெறும் வயிற்றில், நின்றபடியே, ரெண்டே மடக்கில் உள்ளே போகும். டம்ளரைக் கசக்கி எறிந்துவிட்டு, ஆள் பைக் சாவியை எடுத்துவிடுவார்.

அந்தக் குவார்ட்டருக்குக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். 180 மில்லி, 42.8 சதவீத ஆல்கஹால் என்றால் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு ரத்தத்தில் அது 100 மில்லிக்கு ஏறக்குறைய 150 மில்லிகிராம் வரை ஏறும். வண்டி ஓட்டச் சட்டம் விடும் வரம்பு 30. உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கழிக்கும். அதாவது 30க்கு இறங்க எட்டு மணி நேரம். ராத்திரி பத்துக்குக் குடித்து முடித்தவர் காலை ஆறு மணி பஸ் எடுக்கப் போனாலும் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறார். மோரும் எலுமிச்சையும் குளியலும் இந்தக் கணக்கில் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்காது. ஹோட்டல் பாரில் ஊற்றும் 60 மில்லி லார்ஜ் ஒன்றே அதே ஆளை 50 வரை கொண்டுபோகும். முதல் முறை மாட்டினால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஊற்றிக் கொடுக்கிறவர் செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. அளவுக் குவளையில் அளந்து ஊற்று, மேசைக்கு எத்தனை பெக் போனது என்று எழுது, பேச்சு குழறத் தொடங்கினால் ரிப்பீட்டை நிறுத்து, ஆட்டோ பிடித்துக் கொடு. ஆனால் டிப்ஸ் வருவது ரிப்பீட்டில்தானே!

மனமகிழ் மன்றங்கள் இன்னொரு ரகம். எஃப்.எல். 2 உரிமம் உறுப்பினர்களுக்காகக் கொடுக்கப்படுவது. தெருவில் போகிறவர் நேரே நுழைந்து, பதிவேட்டில் கையெழுத்தில்லாமல் பில் போட்டுக் குடித்துவிட்டு வர முடிகிறதென்றால் அது மன்றமில்லை, பலகை மாற்றிய பார். அங்கே நேரத்தை எழுதுவதைவிட "உறுப்பினர் பதிவேட்டைச் சோதியுங்கள்" என்று எழுதுவதில்தான் பலன்.

தூரத்தில்தான் மனுக்கள் அதிகம் சறுக்கும். கோயில், பள்ளியிலிருந்து மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். பேரூராட்சி இந்த 'மற்ற இடங்களில்' சேரும், நம் மாவட்டத்தில் அதுதான் நிறைய. அளப்பது காக்கை பறக்கும் நேர்கோட்டில் இல்லை. கடை வாசலின் நடுவிலிருந்து, ஆள் வழக்கமாக நடக்கும் குறுகிய பாதையில், கோயில் அல்லது பள்ளி கேட்டின் நடு வரை. மொபைல் மேப்பில் நேர்கோடு போட்டு 80 மீட்டர் என்று எழுதினால், டேப் பிடித்து 112 என்று பதில் வரும். நீங்களே டேப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை பக்கத்துக்கு ஒரு தனித் தேதி உண்டு. மாதந்தோறும் ஒன்றாம் தேதி கேரளாவில் கடை அடைப்பு, அன்றைக்குக் கூட்டம் இங்கே வரும். ஆய்வு கேட்பதென்றால் அந்த நாளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். (எல்லைக்கு அப்பால் பாறசாலையில் கள் சட்டப்படி கிடைக்கும், இங்கே பனங்காட்டுக்காரர் அக்கானியோடு (பதநீர்) நின்றுகொள்ள வேண்டும். அது தனிப் பஞ்சாயத்து.)

யாருக்கு எழுதுவது? நேரம் தவறிய விற்பனை குற்றம், அது போலீசுக்கும் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுக்கும் போக வேண்டும். இலவச எண் 10581. கூடுதல் விலையும் வயது குறைந்தவருக்கு விற்பதும் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கு. மன்றம், ஹோட்டல் பார் உரிமம் கலால் உதவி ஆணையருக்கு. கடை எண், தேதி, நிமிடம், எந்தக் கதவு, இவ்வளவும் முதல் பத்தியிலேயே வரட்டும். பாட்டில் கிடைத்தால் ஹாலோகிராமையும் பேட்ச் எண்ணையும் படம் எடுங்கள். குடிக்கிறவர் முகத்தை எடுக்காதீர்கள், வீண் சண்டை. தனியாகவும் போகாதீர்கள். பதில் மழுப்பலாக வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, பார் உரிம ஆணையும் தூரம் அளந்த வரைபடமும் கேளுங்கள். 30 நாள் கெடு.

கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாலும் கிராம சபை நாட்கள், நாலும் மதுக்கடை விடுமுறையும்கூட. அன்று காலை பக்கக் கதவில் ஆள் நின்றால், படத்தோடு நேரே கூட்டத்துக்குப் போய்த் தீர்மானப் புத்தகத்தில் நேரத்தோடு ஏற்றச் சொல்லலாம். அதிகாரியும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.