ஆறு மில்லியும் கால் இஞ்சும் ஒன்றல்ல

சாமி அலமாரி வேண்டும் என்று வீட்டில் இரண்டு தீபாவளியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பலகை கையில் இருந்தது, 20 மில்லி கனத்தில் பால்மரப் பலகை, அதாவது ரப்பர் மரம். பால் வற்றி 25, 30 வருஷத்தில் சாய்க்கிற மரத்தைத்தான் சின்னத் துண்டுகளாக அறுத்து, விரல் கோத்த மாதிரி ஒட்டிப் பலகையாக விற்கிறார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் அப்பா விடியற்காலையில் பால் எடுக்கச் சீவிய மரத்தை நான் காசு கொடுத்து வாங்குகிறேன், என்ன செய்வது.

கதவுப் பலகைகளை நாக்கும் காடியுமாக, ஒன்றின் விளிம்பில் நீட்டிய நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் உட்காரும்படி, கோக்க ரவுட்டர் தேவைப்பட்டது. பிட் என்கிற வெட்டுமுனையைச் சுழற்றி மரத்தைச் செதுக்குகிற மெஷின் அது. கடை முதலாளி தவுக்கே அரை இஞ்சுத் தண்டுள்ள பிட் மாட்டுகிற பெரிய மெஷினைத்தான் கையில் திணித்தார். அது ஒரே ஓட்டத்தில் ஆழமாக வெட்டும், பெரிய பிட் அதில்தான் நடுங்காமல் நிற்கும், உண்மைதான். ஆனால் எனக்கு வேண்டியது 6 மில்லி அகலம், 6 மில்லி ஆழத்தில் ஒரு காடி. கோழியடிக்கக் குறுந்தடி எதற்கு என்று கால் இஞ்சு சின்ன மெஷினை எடுத்துக்கொண்டு வந்தேன்.

முதல் பலகையே கெட்டது. 20 மில்லி விளிம்பின்மேல் மெஷினை நிறுத்தினால் அது எப்படி நிற்கும்? இடமும் வலமுமாகச் சாய்ந்து, காடி பாம்பு போன மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு அங்கிள், ஒரு காலத்தில் தோட்டத்துத் தச்சர், வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, பலகை மேல மெஷின ஓட்டாத, மெஷின் மேல பலகைய ஓட்டு" என்றார்.

சரி என்று 18 மில்லி பிளைவுட்டில் ஓட்டை போட்டு, மெஷினைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, நேரான கட்டை ஒன்றை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினேன். இவ்வளவுதான் டேபிள். ஒவ்வொரு பலகையிலும் முன்பக்கத்துக்குப் பென்சில் குறி போட்டு, நாக்கு வெட்டினாலும் காடி வெட்டினாலும் அந்தப் பக்கமே கட்டையில் உரசும்படி ஓட்டினால், நடு கொஞ்சம் தவறினாலும் கோக்கும்போது முகம் சமமாக வரும். டேபிளில் வலமிருந்து இடம் தள்ள வேண்டும். மாற்றித் தள்ளினால் பிட் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போகும், விரல் ஜாக்கிரதை. ஒரு ஓட்டத்துக்கு 3 மில்லி ஆழத்துக்கு மேல் வேண்டாம், மெதுவாகத் தள்ளினால் பால்மரம் கருகிப் புகை வரும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு காடியின் ஆழம் 6 மில்லியில் தொடங்கி 9 மில்லியில் முடிந்தது. அரைமணி நேரம் கட்டையைத் திட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் பிட் தானாக மேலே ஏறியிருக்கிறது! மலிவாக வாங்கிய பிட் செட்டின் தண்டு 6 மில்லி, என் மெஷினில் அந்தத் தண்டைப் பிடிக்கும் கொலெட் கால் இஞ்சு, அதாவது 6.35 மில்லி. கையால் ஆட்டினால் தெரியாத இடைவெளிதான், ஆனால் எவ்வளவு முறுக்கினாலும் சரியாகப் பிடிக்காது. வேகமாகச் சுற்றும்போது முழுக்கக் கழன்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். செட் வாங்கும்போது தண்டு அளவைப் பாருங்கள், அப்புறம் பிட்டை அடிவரை இறக்கி 2 மில்லி மேலே இழுத்துவிட்டு முறுக்குங்கள்.

நாக்கை 5 மில்லி நீளம்தான் வைத்தேன், பசை போடவில்லை. மழைக்காலத்தில் பலகை ஊதும், அதற்கு இடம் வேண்டுமே. அங்கிள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். கொடியில் காய்ந்த துணி மேல் படிந்த தூளைப் பற்றி வீட்டில் நிறையச் சொன்னார்கள்.