மாவு தீர்ந்தால் என்ன செய்வது?

கோலம் கற்றுத்தரும் ஆப் ஒன்றை ஆறு மாதமாக டிசைன் செய்துகொண்டிருக்கிறேன். போட்டுப் பார்ப்பவர்கள் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேர். தீர்ப்பு சொல்வது பெரியம்மா.

முதல் வடிவத்தில் கோலத்தைத் திரையிலேயே விரலால் இழுக்க வேண்டும். நடு வரிசையில் 7 புள்ளி, இருபுறமும் 4 வரை குறையும், இடுக்குப் புள்ளி (முன் வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசைப் புள்ளி). மொத்தம் 37 புள்ளிக்கு ஒரு சிக்குக் கோலம். விரல் கொஞ்சம் விலகினாலும் கோடு தானாக வளைந்து சரியான பாதைக்கு வந்துவிடும். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. நான்கு பேரும் முழு நட்சத்திரம் வாங்கினார்கள். சரி என்று வாசலுக்கு அழைத்துப்போய் மாவுக் கிண்ணத்தைக் கொடுத்தால், ஒருவருக்கும் முதல் சுழியே சுற்றவில்லை. வளைத்ததெல்லாம் ஆப், அவர்கள் விரல் சும்மா கூடப் போயிருக்கிறது.

அளவிலும் கோட்டைவிட்டிருந்தேன். தொடும் இடம் 48 டிபி (திரை அளவுக்கான அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்கட்டும் என்பது ஆண்ட்ராய்டு டிசைன் வழிகாட்டி. புள்ளிக்குப் புள்ளி அந்த அளவு விட்டும் ஏழு புள்ளி வரிசை திரைக்குள் எப்படியோ அடங்கிவிட்டது. ஆனால் அது பட்டனுக்கான கணக்கு. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளிகளுக்கு நடுவே ஓடுகிறது. எங்கே போகவேண்டுமோ அந்த இடத்தையே விரல் மறைத்துக்கொள்கிறது.

இன்னொரு விதியும் வைத்திருந்தேன்: கையை எடுத்தால் ஆட்டம் அவுட். கோலத்தைக் கணினிக்குரிய இலக்கணமாக எழுதி, கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1974இலேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் பற்றிப் படித்த மயக்கத்தில் எனக்குக் கோடு மட்டும்தான் கண்ணில் பட்டது. பெரியம்மா ஒரே கேள்வி கேட்டார்.

"மாவு தீந்தா இன்னாடி பண்ணுவ?"

உண்மைதான். பாதிச் சுழியில் பிடி மாவு தீரும். கிண்ணத்தில் கைவிட்டு, விட்ட இடத்திலேயே, மேடு தட்டாமல் ஒட்டவைக்க வேண்டும். கோலம் பழகுவதில் பாதி அந்த ஒட்டுதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு எவ்வளவு விழுகிறது, கை மெதுவாகப் போனால் கோடு எப்படித் தடிக்கிறது, இதையெல்லாம் கண்ணாடித் திரை எங்கே சொல்லித்தரும்?

எனவே இப்போது திரையில் வரைய எதுவுமே இல்லை. போன் வாசற்படியில் சாய்ந்து நிற்கும். ஒரு சுழியை மட்டும் காட்டிவிட்டுக் காத்திருக்கும், அணையவும் அணையாது. கை முழுக்க மாவு என்பதால் பட்டன் கிடையாது. திரையில் எங்கே வேண்டுமானாலும் விரல் முட்டியால் தட்டினால் அடுத்த சுழி. குரல் பெரியம்மாவுடையது. "அழகா ஒட்டு, அவசரம் இன்னா?" என்று பதிவு செய்திருக்கிறோம். நட்சத்திரத்தையும் தூக்கிவிட்டேன். ஒரு பையனுக்கு மட்டும் அதில் வருத்தம்.

நேற்றுச் சோதனை முடிந்து போனைச் சார்ஜில் போட்டால் ஏறவில்லை. துளை நிறையக் கோலமாவு. ஊசியால் நோண்டிக்கொண்டே இதைச் சொல்லி எழுதவைக்கிறேன். அதற்கு இன்னும் டிசைன் பிடிபடவில்லை.