முப்பது நொடிக்குள் பாடிப் பழகிய குரல்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளோடு உட்கார்ந்து 'ஹம் தில் தே சுகே சனம்' என்ற இந்திப் படம் பார்த்தேன். எனக்கு இது எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை, அவளுக்கு முதல் தடவை. மூன்று மணி நேரத்தையும் தாண்டி ஓடுகிற படம், பாதியில் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. 'தடப் தடப்' பாட்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் என் பக்கம் திரும்பி, "அப்பா, இது 'உயிரின் உயிரே' பாடினவர் குரல்தானே?" என்று கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆமாம்டா, கேகே என்றேன். அப்புறம் அன்று ராத்திரி முழுக்க அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சில் பாதியாவது இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் படம். 1999 ஜூனில் வந்தது. இயக்குநர் சஞ்சய் லீலா பன்சாலிக்கு இரண்டாவது படம், முதல் படமான 'காமோஷி' ஓடவில்லை. ஒரு படம் விழுந்த பிறகு கையைச் சுருக்கிக்கொள்பவர்கள்தான் அதிகம், இந்த மனிதர் நேர் எதிராகப் போனார். குஜராத்தில் ஒரு பெரிய கூட்டுக்குடும்பத்தின் மாளிகை, வீடு நிறைய ஆட்கள், மாடியெங்கும் பட்டம் விடுகிற கூட்டம், நவராத்திரிக் கோலாட்டம், கண்ணாடி பதித்த பாவாடையோடு ஐஸ்வர்யா ராய் சுற்றும்போது தெறிக்கிற வெளிச்சம். கட்ச் பகுதியில் மாண்ட்வியில் இருக்கிற விஜய் விலாஸ் அரண்மனையிலும் எடுத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியில் இத்தாலி என்று காட்டுவது உண்மையில் ஹங்கேரி. இவ்வளவு பகட்டு எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பகட்டு பிடிக்கும், மனசாரப் பிடிக்கும். காதல் வந்தவர்களுக்கு உலகம் அப்படித்தானே தெரியும்?

கதையை ஒரு வரியில் சொன்னால், இத்தாலியிலிருந்து சமீர் என்ற பையன் பண்டிட் தர்பாரிடம் பாட்டுக் கற்றுக்கொள்ள வருகிறான், அவர் மகள் நந்தினியைக் காதலிக்கிறான், வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. குரு கேட்கிற தட்சிணை என்ன தெரியுமா, இனிமேல் என் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்ற வாக்கு. கொடுத்துவிட்டு வெளியேறுகிறான். அதுவரை திரையை அடைத்துக்கொண்டிருந்த விளக்கு, தூண், திரைச்சீலை, உறவுக்கூட்டம் எல்லாம் ஒரே வெட்டில் காணாமல் போய், பொட்டல் வெளியில் சமீராக வரும் சல்மான் கான் நடந்து போகிறார். பின்னால் கேகே பாடுகிறார். அவ்வளவு செலவு செய்து கட்டிய படம் அந்த ஐந்தாறு நிமிடங்களுக்கு ஒரு குரலை மட்டும் நம்பி நிற்கிறது.

நான் சொல்ல வந்தது இதைத்தான். படத்தில் பாடுகிறவனுக்கு ஒரு குரு இருக்கிறார், அரண்மனை மாதிரி ஒரு வீட்டில் தங்கிக் கற்றுக்கொள்கிறான். அவனுக்காக நிஜத்தில் பாடினவருக்குக் குருவும் கிடையாது, குருகுலமும் கிடையாது. கேகே என்கிற கிருஷ்ணகுமார் குன்னத், டெல்லியில் பிறந்து வளர்ந்த மலையாளி. கிரோரி மல் கல்லூரியில் படித்தார். முறையாகச் சங்கீதம் படித்தவரில்லை. அவர் தலையில் வைத்துக் கொண்டாடிய கிஷோர் குமாரும் அப்படி முறையாகக் கற்றவரில்லை என்பது அவருக்குப் பெரிய தெம்பாக இருந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து பழகிய பெண்ணை 1991-இல் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணம் என்றால் வேலை வேண்டுமே, டைப்ரைட்டர் விற்கிற விற்பனைப் பிரதிநிதியாகப் போனார். சில மாதம்தான், முடியவில்லை, விட்டுவிட்டார். வேலையை விட்டுவிட்டுப் பாடப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு வீட்டில் துணை நின்றார்கள். 1994-இல் மும்பைக்கு வந்தார்.

வந்தவுடன் சினிமா கிடைத்துவிடவில்லை. லூயி பேங்க்ஸ், ரஞ்சித் பாரோட், லெஸ்லி லூயிஸ் போன்ற இசையமைப்பாளர்களிடம் தன் பாட்டைப் பதிந்த கேசட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். கிடைத்தது விளம்பரப் பாட்டு. முதலில் கோட்டு சூட்டு தைக்கிற துணிக்கு ஒரு விளம்பரம். அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. நான்கு வருடத்தில் 11 மொழிகளில் சுமார் 3,500 விளம்பரப் பாட்டுகள் பாடினார். வகுத்துப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை உட்பட தினமும் இரண்டுக்கு மேல் வருகிறது.

விளம்பரப் பாட்டு என்றால் லேசானது என்று நினைக்கத் தோன்றும். இருபது நொடி, முப்பது நொடி, அவ்வளவுதான் இடம். அதற்குள் மெட்டு வந்தாக வேண்டும், பொருளின் பெயர் தெளிவாகக் காதில் விழ வேண்டும், கேட்கிறவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வர வேண்டும். மெதுவாகச் சூடேறி மேலே போவதற்கெல்லாம் நேரமே கிடையாது, வாயைத் திறந்த முதல் எழுத்திலேயே உணர்ச்சி முழுசாக இருந்தாக வேண்டும். தனக்குத் தெரியாத மொழியாக இருந்தாலும் அந்த ஊர்க்காரன் பாடின மாதிரி இருக்க வேண்டும். இத்தனைக்கும் திரையில் பாடினவர் பெயர் வராது. காலையில் சோப்பு, மத்தியானம் குளிர்பானம், சாயந்திரம் பைக் என்று இதை நான்கு வருடம் செய்த ஒரு தொண்டை என்னவெல்லாம் கற்றுக்கொண்டிருக்கும்! அவருடைய குருகுலம் அந்த விளம்பர ஒலிப்பதிவுக் கூடங்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நடுவில் நமக்கும் பாடியிருக்கிறார். 1996-இல் 'காதல் தேசம்' படத்தின் 'ஹலோ டாக்டர்', அடுத்த வருடம் 'மின்சார கனவு' படத்தில் 'ஸ்ட்ராபெரி கண்ணே', இரண்டும் ரஹ்மான். இந்தியில் அவருக்கென்று ஒரு பெயர் வருவதற்கு முன்பே சென்னையில் அவர் குரல் பதிவாகிவிட்டது. நாம் அப்போது பெயரைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். இந்தியில் 'மாச்சிஸ்' படத்தில் ஹரிஹரன், சுரேஷ் வாட்கர் ஆகியோரோடு சேர்ந்து ஒரு பாட்டில் சில வரிகள் பாடியிருந்தார். பிறகு 1999 வந்தது. அந்த ஒரே வருடத்தில் 'பல்' என்ற தனி ஆல்பமும் வந்தது, இந்தப் படமும் வந்தது. இரண்டிலும் பாட்டு எழுதியவர் மெஹபூப். இசையமைப்பாளர் இஸ்மாயில் தர்பாரும் அதுவரை மற்றவர்களின் இசைக்குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தவர்தான். இந்தப் படத்துக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. பெயர் தெரியாமல் வருடக்கணக்கில் உழைத்த இரண்டு பேர் ஒரே பாட்டில் சந்தித்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஹெட்போனில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் தாளமே இல்லை, ஏறக்குறைய பேசுகிற மாதிரி, தனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிற மாதிரிப் பாடுகிறார். முதல் எழுத்திலேயே உணர்ச்சி முழுசாக வேண்டும் என்று விளம்பரப் பாட்டுக்குச் சொன்னேனே, அது இங்கே வலியாகக் கேட்கும். பிறகு பல்லவியில் குரல் படிப்படியாக ஏறி 'லுட் கயே' என்ற சொல்லுக்கு வருகிறது. பறிகொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். அந்த உச்சத்தில் தொண்டை முழுசாகத் திறந்திருக்கிறது, ஆனால் சுருதி இம்மிகூட நகரவில்லை. அழுகையை நடித்துக் காட்ட விசும்பலோ தழுதழுப்போ எதையும் சேர்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே சொல் கொஞ்சம் வேறு கனத்தோடு வருகிறது, கடைசியில் பாடும்போது கேட்கிற நமக்கு நெஞ்சு அடைக்கிறது. மகள் பாட்டு முடிகிற வரை ஒன்றும் பேசவில்லை, சோபா தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருடம் ஃபிலிம்ஃபேர் விருது உதித் நாராயணுக்குப் போனது, இதே படத்தின் வேறொரு பாட்டுக்கு. நல்ல பாட்டுதான், உதித்தும் தகுதியானவர்தான், இருந்தாலும் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அப்புறமும் கேகேவுக்கு அந்த விருது வரவேயில்லை. ஆனால் நமக்கு 'உயிரின் உயிரே' வந்தது, 'அப்படிப் போடு' வந்தது, 'காதல் வளர்த்தேன்' வந்தது, 'நினைத்து நினைத்துப் பார்த்தேன்' வந்தது. 2022 மே 31 அன்று கொல்கத்தாவில் மேடையில் பாடி முடித்துவிட்டுப் போனவர் அன்றிரவே இறந்துபோனார். 53 வயது. மறுநாள் காலை ஆபீஸ் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் 'நினைத்து நினைத்து' கேட்டுக்கொண்டே வந்தான், நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

மகள் தூங்கப் போகும் முன் கேட்டாள், "அந்த 3,500 பாட்டையும் கேட்க முடியுமாப்பா?" முடியாது என்றுதான் நினைக்கிறேன், விளம்பரப் பாட்டுகளை யார் சேர்த்து வைக்கிறார்கள். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டு டிவியில் விளம்பரம் ஓடாத நாளே கிடையாது. அம்மா சமையலறையில் வேலை செய்துகொண்டே அந்த மெட்டுகளைத்தான் முணுமுணுப்பாள், எந்தப் பொருளுக்கு என்றுகூடத் தெரியாது, மெட்டு மட்டும். அவற்றில் ஒன்றிரண்டாவது அவர் பாடியதாக இருந்திருக்கும். நாளைக்கு அம்மாவுக்கு போன் போட்டு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கப் போகிறேன்.