போடுவது ஓட்டுநர், அணைப்பது வண்டி

காரின் உள்விளக்கு, ஹெட்லைட் போன்றவற்றைத் தானாக இயங்க விடுவதா, கையால் இயக்குவதா என்று பேச்சு வரும்போதெல்லாம், விளக்கைப் போடுவதையும் அணைப்பதையும் ஒரே வேலையாகக் கருதிவிடுகிறோம். போடுகிறவருக்கு அதற்கான காரணம் அந்த நொடியில் தெளிவாகத் தெரியும். இருக்கைக்கடியில் விழுந்த சாவியைத் தேடவோ, ஒரு சீட்டைப் படிக்கவோ அவருக்கு வெளிச்சம் வேண்டும். தேவை முடிந்ததும் மனம் வேறு வேலைக்குப் போய்விடுவதால், அணைக்க மறப்பது எவருக்கும் இயல்பு. ஆகவே அணைக்கும் பொறுப்பை வண்டியிடம் ஒப்படைத்துவிட்டு, போடும் உரிமையைக் கூடியவரை நாமே வைத்துக்கொள்வதுதான் சரி என்பது என் கருத்து.

உள்விளக்கையே எடுத்துக்கொள்வோம். கூரையில் பின்புறம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய விளக்கில் மூன்று நிலைகள் கொண்ட ஒரு சிறு நழுவு சுவிட்ச் இருக்கும்: ஒரு கோடியில் எப்போதும் எரியும், மறுகோடியில் எப்போதும் அணைந்திருக்கும், நடுவில் கதவு திறந்தால் மட்டும் எரியும். இருட்டில் விரலால் தடவிப் பார்த்தே அது எந்த நிலையில் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். அதன் ஒரே குறை, எரியும் நிலையில் விட்டுவிட்டு இறங்கிப் போனால் அதைக் கவனிக்க யாரும் இல்லை என்பதுதான். 12 வோல்ட் மின்சுற்றில் 10 வாட் பல்பு ஏறத்தாழ 0.8 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேரம் எரிந்தால், பேட்டரியின் சேமிப்பில் எட்டு ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுக்கும் அளவு ஒரு ஆம்பியர்-மணி) போய்விடும். 45 ஆம்பியர்-மணி கொண்ட புது பேட்டரி அதைத் தாங்கிக்கொள்ளும், வயதான பேட்டரியோ குளிர்ந்த காலையில் ஸ்டார்ட்டரைச் சுழற்றத் திணறும். ஹெட்லைட்டை மறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: 55 வாட் ஹாலஜன் பல்புகள் இரண்டும் சேர்ந்து மணிக்கு ஒன்பது ஆம்பியர்-மணிக்கு மேல் தின்னும், பின்விளக்குகளின் கணக்கு தனி. குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் இவற்றைத் தானாகத் துண்டிக்கும் ஏற்பாடு, காரில் வந்த தானியக்க வசதிகளிலேயே மிகக் குறைவாகப் பாராட்டப்பட்ட ஒன்று. எல்.இ.டி. உள்விளக்குகள் ஓரிரு வாட்டில் வேலையை முடித்துவிடுவதால் அதன் அவசியம் இப்போது சற்றுக் குறைந்திருக்கிறது, அவ்வளவே.

தானாக எரிவதில்தான் தொல்லை தொடங்குகிறது. பின்னிருக்கையில் குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறது. கதவைத் திறந்தால் கூரை முழுவதும் பளீரென்று வெளிச்சம். கதவு திறந்ததை அறிந்த வண்டிக்கு, உள்ளே உறங்குகிறவர் இருப்பது தெரியாது. இரவில் வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்து வைத்துக் காற்று வாங்குகிறவருக்கும் இதே கதைதான், பூச்சிகள் வந்து சேர்வது உபரி. பழைய சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்துவிடும் இந்தச் சிக்கலுக்கு, சில புதிய வண்டிகளில் தொடுதிரையில் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் திரையே அதற்குள் இன்னொரு விளக்காகி முகத்தில் அடிக்கும். இருளுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும் என்பதும், அந்தப் பழக்கத்தைச் சில நொடி வெள்ளை வெளிச்சமே கெடுத்துவிடும் என்பதும் இந்த வடிவமைப்பாளர்களுக்குத் தெரியாததல்ல. கதவு ஓரங்களிலும் டேஷ்போர்டிலும் நிறம் மாறி மாறி ஒளிரும் அலங்கார விளக்குகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முழுவதுமாக அணைக்க வழி இருந்து, அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போதும் அந்த முடிவை வண்டி நினைவில் வைத்திருந்தால் போதும்.

தானியங்கி ஹெட்லைட் நாம் நினைப்பதைவிடப் பழையது. எதிரே வரும் வெளிச்சத்தை உணர்ந்து ஹை பீமைத் தாழ்த்தும் ‘ஆட்ரானிக் ஐ’ என்ற கருவியை ஜெனரல் மோட்டார்ஸ் 1952லேயே தன் உயர்விலை கார்களில் கொடுத்தது. 1964ல் காடிலாக்கில் வந்த ‘ட்வைலைட் சென்டினல்’ அந்தி சாய்ந்ததும் விளக்கைப் போட்டது, இறங்கிய பிறகும் சிறிது நேரம் எரியவிட்டு அணைத்தது. எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதை ஓட்டுநரே அமைத்துக்கொள்ளவும் அதில் இடமிருந்தது.

அந்தியில் ஹெட்லைட்டைத் தானாகப் போடுவதை நான் குறை சொல்லமாட்டேன். வெளிச்சம் படிப்படியாகக் குறையும்போது நம் கண் அதற்கேற்பப் பழகிக்கொண்டே போவதால், இருட்டிவிட்டது என்பது ஓட்டுகிறவருக்குத் தாமதமாகத்தான் உறைக்கும். இங்கே போடுவதும் மறதியின் கணக்கில்தான் சேரும். ஐ.நா.வின் 48ஆம் எண் வாகன விதிமுறை இதற்கு எல்லைகளை வகுத்திருக்கிறது: வெளியே வெளிச்சம் 1,000 லக்ஸுக்குக் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) கீழே போனால் இரண்டு நொடிக்குள் விளக்கு எரிய வேண்டும், 7,000 லக்ஸைத் தாண்டினால், ஐந்து நொடிக்கு மேல் 300 நொடிக்குள் ஏதோ ஒரு கணத்தில் அணைய வேண்டும், இடைப்பட்ட வெளிச்சத்தில் என்ன செய்வது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். போடுவதில் அவசரமும் அணைப்பதில் நிதானமும் காட்டும் இந்த ஏற்பாட்டால்தான், மேம்பாலத்தின் நிழலுக்குள் புகுந்து வெளிவரும் வண்டியின் விளக்கு கண் சிமிட்டுவதில்லை.

ஆனால் தானியங்கி ஹெட்லைட்டை இயக்கும் சென்சார் அளப்பது வெளிச்சத்தை மட்டுமே. பகல் நேர மூடுபனியில் வெளிச்சத்துக்குக் குறைவே இருக்காது, பனித்துளிகளில் சிதறிய சூரிய ஒளி நாலாபக்கமும் வெள்ளையாகப் பரவியிருக்கும். இருபதடி தள்ளி இருப்பது தெரியாவிட்டாலும் சென்சாரைப் பொறுத்தவரை அது நல்ல பகல். அப்போது, பகலிலும் வண்டி பிறர் கண்ணில் படுவதற்காக முன்னால் எரியும் பகல்நேர விளக்கு மட்டும் எரியும், பல வண்டிகளில் பின்பக்கம் இருட்டாகவே இருக்கும். இன்றைய டேஷ்போர்டு எந்நேரமும் ஒளிர்வதால், எல்லா விளக்குகளும் எரிகின்றன என்றே ஓட்டுகிறவர் நம்பிக்கொண்டு போவார். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, கனடா 2021 செப்டம்பர் முதல் புதிய வண்டிகளுக்கு ஒரு விதியைக் கொண்டுவந்தது: பகல்நேர விளக்கு எரியும்போது பின்விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டில் எல்லா விளக்குகளும் தானாக எரிய வேண்டும், அதுவும் இல்லையென்றால் டேஷ்போர்டாவது இருண்டிருக்க வேண்டும். இவற்றில் மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது ஓட்டுநரின் கையைச் சுவிட்சுக்கு அழைக்கிறது. மூடுபனியில் ‘ஆட்டோ’ நிலையை விட்டு ஹெட்லைட்டைக் கையால் போடுவது தவிர வேறு வழியில்லை.

சாவி அருகே வந்தாலே வரவேற்று ஒளிரும் விளக்குகளிலும் இதே ஊகப் பிழை உண்டு. வாசலை ஒட்டி வண்டி நிற்கும் வீட்டில், சட்டைப்பையில் சாவியோடு நடமாடுகிறவரை ஒவ்வொரு முறையும் பயணத்துக்குக் கிளம்பியவர் என்றே சில வண்டிகள் எண்ணிக்கொள்கின்றன. விளக்கு எரிவதோடு வண்டியின் கணினிகளும் விழித்தெழுவதால் பேட்டரியும் சிறுகச் சிறுகக் கரையும்.

இதற்கு நேர்மாறாக, இறங்கி வீட்டுக்குள் போகும்வரை ஹெட்லைட்டை எரியவிடும் வசதியைச் சில வண்டிகளில் எவ்வளவு அழகாக அமைத்திருக்கிறார்கள்! எஞ்சினை நிறுத்திய பிறகு, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலுள்ள ஹை பீம் தண்டை ஒருமுறை தன்பக்கம் இழுத்தால் விளக்கு எரியும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்துத் தானே அணையும். தெருவிளக்கு இருக்கும் இடத்தில் இழுக்காமல் இறங்கிவிடலாம், யார் வீட்டுச் சன்னலிலும் நம் வெளிச்சம் பாயாது. உள்விளக்குக்கும் இப்படி ஒரு பொத்தான் வேண்டும்: அழுத்தினால் எரிந்து, மறுபடி அழுத்தினால் அணைந்து, மறந்து இறங்கிப் போனால் வண்டியைப் பூட்டிய சில நொடிகளில் தானே அணைந்துவிட வேண்டும். கதவைத் திறந்தால் எரிய வேண்டுமா என்பதை, அதன் பக்கத்திலேயே கைக்கெட்டும் ஒரு சுவிட்ச் முடிவு செய்யட்டும்.